ஸ்விட்சில் இடமில்லாத பிளாஷும் குறித்த நேரத்தில் நடக்காத ரீலோடும்: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்ச் (வலைப்பின்னலில் கணினிகளை இணைக்கும் சாதனம்) நினைவில் வைத்திருப்பது ஒன்று. அணைந்து எழும்போது அது படித்துக்கொள்வது வேறொன்று. நடப்பில் உள்ள ரன்னிங் கான்ஃபிக் (அமைப்புகளின் தொகுப்பு) ரேமில் இருப்பதால், மின்சாரம் போனதும் அழிந்துவிடும். எழும்போது தேவைப்படும் ஸ்டார்ட்அப் கான்ஃபிக், இயங்குதள இமேஜ் (இயங்குதள மென்பொருள் கோப்பு), விலான் (தனியாகப் பிரித்த வலைப்பின்னல் பகுதி) பட்டியல் ஆகிய மூன்றும், மின்சாரம் போனாலும் அழியாத நினைவகங்களான பிளாஷிலோ என்விரேமிலோ கோப்புகளாக இருக்கின்றன. கோப்புகளைக் கையாள்வதிலும் நேரம் குறித்து மறுதொடக்கம் (ரீலோட்) செய்வதிலும் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி, இந்த இரண்டுக்கும் இடையே விழுந்த இடைவெளியை யாரும் பார்க்காமல் விட்டதால் வருவதுதான் என்பது என் கருத்து. கீழே உள்ள வழிமுறை சிஸ்கோ நிறுவனத்தின் ஐஓஎஸ், ஐஓஎஸ் எக்ஸ்இ இயங்குதளங்களில் ஓடும் ஸ்விட்சுகளை அடிப்படையாகக் கொண்டது. கட்டளைகள் ஒலிப்புப்படி தமிழில் தரப்பட்டுள்ளன.

எந்த அறிகுறியாக இருந்தாலும், எதையும் அழிப்பதற்கு முன் நான்கு கட்டளைகளின் வெளியீட்டைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘ஷோ வெர்ஷன்’ இப்போது ஓடும் இமேஜ் எது, கடைசி மறுதொடக்கம் எதனால் நடந்தது என்று சொல்லும். ‘ஷோ பூட்’ அடுத்த முறை எந்தக் கோப்பிலிருந்து எழும் என்று சொல்லும். ‘டிர் பிளாஷ்:’ என்னென்ன கோப்புகள் உள்ளன, எவ்வளவு இடம் மீதம் என்று காட்டும். ‘ஷோ ரீலோட்’ ஏற்கெனவே ஏதேனும் மறுதொடக்கம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும். இந்த நான்காவதைப் பலர் பார்ப்பதே இல்லை; வேறொருவர் குறித்து வைத்த ரீலோட் உங்கள் வேலையின் நடுவில் வந்து விழக்கூடும்.

புதிய இமேஜை நகலெடுக்கும்போது ‘இடமில்லை’ என்கிறது

முதலில் ‘டிர் பிளாஷ்:’ வெளியீட்டின் கடைசி வரியில் உள்ள மீத இடத்தை, கொண்டுவர வேண்டிய கோப்பின் பைட் அளவோடு ஒப்பிடுங்கள். இடம் உண்மையிலேயே போதவில்லை என்றால், எதை நீக்கலாம் என்பதைக் கோப்பின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ‘ஷோ வெர்ஷன்’ காட்டும் இமேஜ் பெயரையும் ‘ஷோ பூட்’ காட்டும் பாதையையும் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த இரண்டிலும் இடம்பெறாத பழைய இமேஜ்தான் நீக்கத் தகுந்தது. அடுத்து வருபவை, முன்பு ஸ்விட்ச் நிலைகுலைந்தபோது எழுதப்பட்ட கிராஷ்இன்ஃபோ கோப்புகள். அவற்றை நீக்குவதற்கு முன் வேறொரு கணினிக்கு நகலெடுத்துக்கொள்வது நல்லது. அதே கோளாறு மீண்டும் வந்தால் உற்பத்தியாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

இடம் தேடும்போது எந்நிலையிலும் தொடக்கூடாத கோப்புகள் சில உண்டு. பழைய கேட்டலிஸ்ட் 2960, 3560, 3750 வகைகளில் ‘கான்ஃபிக்.டெக்ஸ்ட்’ என்ற கோப்புதான் ஸ்டார்ட்அப் கான்ஃபிக், ‘விலான்.டாட்’ என்பது விலான் தரவுத்தளம். இரண்டும் அளவில் மிகச் சிறியவை என்பதால், அவற்றை நீக்கி இடம் மிச்சமாவதும் இல்லை.

ஐஓஎஸ் எக்ஸ்இ ஓடும் கேட்டலிஸ்ட் 3850, 9300 போன்றவற்றில் நிலைமை வேறு. இன்ஸ்டால் முறையில் இயங்கும் ஸ்விட்ச் ஒரே பெரிய இமேஜிலிருந்து எழுவதில்லை, ‘பேக்கேஜஸ்.கான்ஃப்’ என்ற சிறு கோப்பைப் படித்து, அதில் பட்டியலிடப்பட்ட பல தொகுப்புக் கோப்புகளை ஏற்றிக்கொள்கிறது. இங்கே கையால் ஒவ்வொன்றாக ‘டெலீட்’ கொடுப்பது ஆபத்தானது. பட்டியலில் உள்ள ஒரு தொகுப்பு போனாலும் அடுத்த மறுதொடக்கத்தில் ஸ்விட்ச் எழாது, அதுவரை எந்த அறிகுறியும் தெரியாது. ‘இன்ஸ்டால் ரிமூவ் இன்ஆக்டிவ்’ என்ற கட்டளை பயன்பாட்டில் இல்லாத கோப்புகளைத் தானே கண்டறிந்து, பட்டியலைக் காட்டி, ஒப்புதல் கேட்ட பிறகே நீக்கும். இடம் தேடி வருபவர் முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும்.

கோப்பை நீக்கிய பிறகும் மீத இடம் கூடவில்லை என்றால், அது கேட்டலிஸ்ட் 4500, 6500 வகைகளின் பழைய பூட்பிளாஷ் போன்ற கோப்பு முறைமையாக இருக்கலாம். அங்கே ‘டெலீட்’ கோப்பை நீக்கியதாகக் குறிக்க மட்டுமே செய்யும். ‘ஸ்குவீஸ்’ கொடுத்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். அதுவரை ‘அன்டெலீட்’ மூலம் மீட்கலாம், ஸ்குவீஸ் செய்த பின் மீட்க முடியாது. ஸ்குவீஸ் ஓடும்போது மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்.

ஸ்டாக்காக, அதாவது ஒரே ஸ்விட்சாக இயங்கும்படி, இணைத்த ஸ்விட்சுகளில், ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி பிளாஷ் உண்டு. நீங்கள் பார்ப்பது தலைமை ஸ்விட்சின் பிளாஷை மட்டுமே. அங்கே இடம் தாராளமாக இருக்க, மூன்றாவது உறுப்பில் பழைய இமேஜ்கள் நிறைந்திருப்பது வழக்கமான காட்சி. பழைய வகைகளில் ‘டிர் பிளாஷ்3:’ என்றும் புதியவற்றில் ‘டிர் பிளாஷ்-3:’ என்றும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். சரியான பெயர்களை ‘ஷோ ஃபைல் சிஸ்டம்ஸ்’ காட்டும்.

நகலெடுத்தல் பாதியில் நின்றுவிடுகிறது

ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 32 எம்பி அளவில் நின்றால், காரணம் பெரும்பாலும் டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் அமைப்பிலேயே இருக்கிறது. 1992-இல் வெளியான ஆர்எஃப்சி 1350 என்ற நெறிமுறை ஆவணத்தின்படி ஒரு தொகுதியில் 512 பைட்டுகள். தொகுதி எண்ணுக்கு 16 பிட்டுகள். ஆகவே 65,535 தொகுதிகளுக்கு மேல் எண்ண முடியாது; பெருக்கினால் 32 எம்பிக்குச் சற்றுக் குறைவாக வரும். சில சர்வர்கள் எண்ணை மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கித் தப்பித்துக்கொள்ளும், சில நின்றுவிடும். 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2348 தொகுதி அளவைப் பேசி முடிவு செய்ய வழி தந்தது. ஸ்விட்சில் ‘ஐபி டிஎஃப்டிபி பிளாக்சைஸ் 8192’ என்று அமைத்தால், சர்வரும் அதை ஆதரிக்கும் நிலையில், பெரிய கோப்பும் வரும், வேகமும் கூடும்.

தொடக்கத்திலேயே நேரம் கடந்து தோற்றால், சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் இடையே உள்ள ஃபயர்வாலைப் பாருங்கள். வேண்டுகோள் யூடிபி 69-ஆம் போர்ட்டுக்குப் போனாலும், சர்வர் விடையளிப்பது வேறொரு போர்ட்டிலிருந்து. 69-ஐ மட்டும் திறந்து வைத்தால் போதாது. ஸ்விட்சுக்குப் பல ஐபி முகவரிகள் இருந்தால் ‘ஐபி டிஎஃப்டிபி சோர்ஸ்-இன்டர்ஃபேஸ்’ மூலம் எந்த முகவரியிலிருந்து பேச வேண்டும் என்று நிர்ணயியுங்கள். இவ்வளவு பாடுபடுவதைவிட, பெரிய இமேஜ்களுக்கு எஸ்சிபி (மறையாக்கத்தோடு கோப்பை நகலெடுக்கும் முறை) அல்லது எச்டிடிபி வழியையே நான் பரிந்துரைப்பேன். டிஎஃப்டிபியில் கடவுச்சொல்லும் இல்லை, மறையாக்கமும் இல்லை. கான்ஃபிக் கோப்பை அதன் வழியே அனுப்புவது எல்லோரும் படிக்க விட்டுவைப்பதற்கு ஒப்பாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில பழைய சாதனங்களில் நகலெடுக்கும் முன் ‘பிளாஷை முழுதும் அழிக்கட்டுமா’ என்ற கேள்வி வரும், அதற்கு என்டர் விசையை அழுத்தினாலே ஒப்புதல் கொடுத்ததாகிவிடும். கேள்வியைப் படிக்காமல் என்டரைத் தொடர்ந்து அழுத்தும் பழக்கம் இருந்தால், அந்த ஓரிடத்திலாவது நின்று ‘இல்லை’ என்று விடை கொடுங்கள்.

கோப்பு முழுதாக வந்தது, ஆனால் ஸ்விட்ச் எழவில்லை. அல்லது பழைய இமேஜிலேயே எழுகிறது

மறுதொடக்கத்துக்கு முன்பே தடுத்திருக்க வேண்டியது இது. கோப்பு வந்ததும் ‘வெரிஃபை /எம்டி5 பிளாஷ்:’ என்று கோப்பின் பெயரோடு கொடுத்து, வரும் எம்டி5 மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்) உற்பத்தியாளர் வெளியிட்ட மதிப்போடு ஒப்பிடுங்கள். பைட் அளவு பொருந்துவது மட்டும் சான்றாகாது. நடுவில் ஒரு பிட் மாறியிருந்தாலும் அளவு மாறாது.

பழைய இமேஜிலேயே எழுந்தால், ‘ஷோ பூட்’ காட்டும் பாதையை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். பெயரில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும் ‘பூட் சிஸ்டம்’ கட்டளை பல வேளைகளில் எதிர்ப்பின்றி ஏற்றுக்கொள்ளும். பாதை எதுவுமே அமைக்கப்படாத கேட்டலிஸ்ட் 2960 போன்ற ஸ்விட்ச், பிளாஷில் உள்ள அடைவுகளுக்குள் புகுந்து தேடி, முதலில் கிடைக்கும் இயங்கக்கூடிய இமேஜை எடுத்துக்கொள்ளும். பழையதும் புதியதும் சேர்ந்து இருக்கும்போது அந்த முதல் கோப்பு பழையதாக இருந்துவிடலாம். அந்த வகைகளில் இரண்டு பாதைகளை அரைப்புள்ளியால் பிரித்துக் கொடுக்கலாம்: முதலில் புதியது, அது தோற்றால் பழையது. தொலைவிலிருந்து செய்யும் மேம்பாட்டில் இந்த இரண்டாவது பாதையைச் சேர்க்காமல் நான் ரீலோட் கொடுக்க மாட்டேன்.

‘ஷோ பூட்’ வெளியீட்டில் மேனுவல் பூட் என்ற வரி ‘யெஸ்’ என்று இருந்தால், தொலைவிலிருந்து ரீலோட் கொடுக்கவே கூடாது. ஸ்விட்ச் பூட் லோடரில் (இமேஜை ஏற்றும் தொடக்க நிரலில்) நின்றுவிடும். கன்சோல் கம்பியோடு (ஸ்விட்சை நேரடியாகக் கணினியோடு இணைக்கும் கம்பி) நேரில் செல்லும்வரை அது யாருக்கும் விடை சொல்லாது.

பூட் லோடரில் நின்றுவிட்ட பழைய கேட்டலிஸ்டைக் கன்சோலில் மீட்கும் வழி நேரானது. ‘ஃபிளாஷ்_இனிட்’ கொடுத்துக் கோப்பு முறைமையை எழுப்பி, ‘டிர் பிளாஷ்:’ மூலம் மிஞ்சியிருக்கும் இமேஜைக் கண்டுபிடித்து, ‘பூட் பிளாஷ்:’ என்பதோடு அதன் பெயரைக் கொடுங்கள். இமேஜே இல்லை என்றால் கன்சோல் கம்பியிலேயே கோப்பை அனுப்பும் எக்ஸ்மோடம் முறை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். கன்சோலின் இயல்பான 9600 வேகத்தில் நொடிக்கு 960 பைட்டுகளே செல்லும் என்பதால், 10 எம்பி கோப்புக்குக் கணக்குப்படியே ஏறத்தாழ 3 மணி நேரம் ஆகும். ‘செட் பாட் 115200’ கொடுத்து, உங்கள் டெர்மினல் நிரலையும் அதே வேகத்துக்கு மாற்றினால் அது கால் மணி நேரமாகக் குறையும். வேலை முடிந்ததும் வேகத்தைப் பழையபடி மாற்றிவிடுங்கள். இல்லையேல் அடுத்து வருபவர் கன்சோலில் குப்பை எழுத்துகளைப் பார்த்துத் திகைப்பார்.

மறுதொடக்கத்துக்குப் பின் மாற்றங்கள் காணாமல் போயின

எளிய காரணம், சேமிக்கவில்லை என்பதே. சேமித்தும் மறைந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, ‘ஷோ பூட்’ காட்டும் கான்ஃபிக் கோப்பின் பாதை. அது இல்லாத கோப்பைச் சுட்டினால் ஸ்விட்ச் தொடக்க அமைப்புக் கேள்விகளோடு எழும். இரண்டாவது, கடவுச்சொல் மீட்புக்காக முன்பு யாரோ வைத்துவிட்டுப் போன அமைப்பு. 3850 வகையிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கைப் புறக்கணிக்கச் சொல்லும் ஒரு மாறி உண்டு. ‘நோ சிஸ்டம் இக்னோர் ஸ்டார்ட்அப்கான்ஃபிக் ஸ்விட்ச் ஆல்’ என்பது அதை நீக்கும். கான்ஃபிக் ரெஜிஸ்டர் (எழும் முறையைத் தீர்மானிக்கும் மதிப்பு) பயன்படும் சாதனங்களில் 0x2142 என்ற மதிப்பு இதே வேலையைச் செய்யும். மூன்றாவது, சேமித்தபோது உண்மையில் பிழை வந்து, அதை யாரும் படிக்காமல் விட்டது.

அந்தப் பிழை ‘சாதனம் வேலையில் உள்ளது’ என்ற பொருளில் இருந்தால், வேறோர் இணைப்பு அதே கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது. யாரோ ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கைப் பக்கம் பக்கமாகப் பார்க்கத் தொடங்கி, பாதியில் எழுந்து போயிருக்கலாம். ‘ஷோ யூசர்ஸ்’ மூலம் அந்த இணைப்பைக் கண்டு, அவரிடம் சொல்லிவிட்டு, ‘கிளியர் லைன்’ கொடுத்து விடுவியுங்கள். பிறகு மீண்டும் சேமியுங்கள்.

இதற்கு நேர்மாறான அறிகுறி, கான்ஃபிக்கை முழுதும் அழித்து மறுதொடக்கம் செய்த பின்னும் பழைய விலான்கள் அப்படியே இருப்பது. ‘விலான்.டாட்’ தனிக் கோப்பு என்பதால் ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கோடு சேர்ந்து அது அழியாது. ஸ்விட்சை வேறொரு வலைப்பின்னலில் இணைக்கப் போகிறீர்கள் என்றால் இதைத் தனியே நீக்கியே ஆக வேண்டும். விடிபி (விலான் பட்டியலை ஸ்விட்சுகளிடையே பகிரும் நெறிமுறை) பெயரும் கடவுச்சொல்லும் பொருந்தி, அதில் பதிவான திருத்த எண் அங்கே உள்ளதைவிடப் பெரிதாக இருந்தால், புதிதாக வந்த இந்த ஒரு ஸ்விட்ச் அங்குள்ள விலான் பட்டியலை மேலெழுதிவிடக்கூடும்.

குறித்த நேரத்தில் ரீலோட் நடக்கவில்லை, அல்லது தவறான நேரத்தில் நடந்தது

‘ரீலோட் அட்’ கடிகார நேரத்தை நம்புகிறது. ‘ரீலோட் இன்’ இப்போதிலிருந்து கழியும் நிமிடங்களை மட்டும் எண்ணுகிறது. ஆகவே முன்னதில் தவறு வந்தால் முதலில் ‘ஷோ கிளாக்’ கொடுங்கள். நேரத்தின் முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த நேரம் நம்பத்தக்கதல்ல. புள்ளி இருந்தால் நேரம் ஒரு காலத்தில் சரியாக அமைக்கப்பட்டும் இப்போது என்டிபியோடு (வலைப்பின்னல் வழியே நேரத்தைச் சரிசெய்யும் நெறிமுறை) ஒத்திசைவில் இல்லை. மின்கலத்தால் காக்கப்படும் கடிகாரம் இல்லாத பழைய ஸ்விட்சுகள் ஒவ்வொரு முறையும் 1993 மார்ச் 1 என்ற தேதியோடு எழும். என்டிபி வந்து சேரும்வரை அவற்றின் நாட்காட்டி அங்கிருந்தே எண்ணிக்கொண்டு போகும்.

கடிகாரம் சரியாக இருந்தும் ரீலோட் சில மணி நேரம் தள்ளி நடந்தால், நேர மண்டலம் அமைக்கப்படவில்லை என்று கொள்ளலாம். குறித்த நேரம் ஸ்விட்சில் அமைந்த மண்டலத்தின்படியே கணக்கிடப்படும். எதுவும் அமைக்காவிட்டால் அது யூடிசி (உலகப் பொது நேரம்). தேதி கொடுக்காமல் மணியை மட்டும் கொடுத்தால், அந்த மணி இன்று கடந்துவிட்டிருந்தால் நாளைக்கு என்று எடுத்துக்கொள்ளப்படும். ‘00:00’ என்பது நள்ளிரவு. அதிகபட்சமாக ஏறத்தாழ 24 நாள்களுக்குள் வரும் நேரத்தையே குறிக்க முடியும்.

இன்னொரு காரணம் பலரைத் திகைக்க வைக்கிறது. குறித்து வைத்த ரீலோட் கான்ஃபிக்கில் எழுதப்படுவதில்லை. இடையில் மின்தடை ஏற்பட்டு ஸ்விட்ச் தானாக எழுந்திருந்தால், அந்தக் குறிப்பு சுவடின்றிப் போயிருக்கும். ஆகவே வேலை நடக்க வேண்டிய இரவுக்கு முன் ‘ஷோ ரீலோட்’ மூலம் மறுபடி உறுதி செய்துகொள்ளுங்கள்.

யாரும் எதிர்பாராதபோது ரீலோட் நடந்துவிட்டது

‘ஷோ வெர்ஷன்’ காட்டும் காரணம் மின்சாரமா, நிலைகுலைவா, ரீலோட் கட்டளையா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ரீலோட் கட்டளை என்றால், சிஸ்லாக் சர்வரில் (சாதனங்களின் நிகழ்வுப் பதிவுகளைச் சேமிக்கும் கணினியில்) ‘ஷெட்யூல்டு_ரீலோட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். யார், எப்போது குறித்தார் என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஸ்விட்சின் உள்பதிவு மறுதொடக்கத்தோடு அழிந்துவிடுவதால், வெளியில் ஒரு சிஸ்லாக் சர்வர் இல்லாமல் இந்த விசாரணை நகராது.

பெரும்பாலும் நடந்திருப்பது இதுவாகவே இருக்கும்: தொலைவிலிருந்து ஆபத்தான மாற்றம் செய்யப் போனவர், இணைப்பு அறுந்தால் ஸ்விட்ச் பழைய நிலைக்குத் திரும்பட்டும் என்று ‘ரீலோட் இன் 15’ கொடுத்திருப்பார், மாற்றம் வெற்றி பெற்றதும் அந்த நிறைவில் ரத்து செய்ய மறந்திருப்பார். இது மிகச் சிறந்த பாதுகாப்பு முறை, அதைக் கைவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் வரிசை கண்டிப்பானது. நல்ல நிலையில் உள்ள கான்ஃபிக்கை முதலில் சேமியுங்கள். பிறகு ரீலோடைக் குறியுங்கள். பிறகு மாற்றத்தைச் செய்து, சேமிக்காமலேயே சோதியுங்கள். புதிதாக இன்னோர் இணைப்பைத் திறந்து உள்ளே வர முடிகிறதா என்பதும் அந்தச் சோதனையில் அடக்கம், ஏனெனில் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு புதிய அணுகல் விதிகளைப் பற்றி எதையும் உறுதி செய்யாது. எல்லாம் சரி என்றால் ‘ரீலோட் கேன்சல்’, அதன் பின்னரே சேமிப்பு. சோதிக்கும் முன் சேமித்துவிட்டால், ரீலோட் அந்தத் தவறான கான்ஃபிக்கையே மீண்டும் எழுப்பும். பாதுகாப்பு முழுதும் வீணாகும். ரீலோடைக் குறிக்கும்போது ‘கான்ஃபிக் மாறியுள்ளது, சேமிக்கவா’ என்ற கேள்வி வந்தால், நீங்கள் வரிசையைத் தவறவிட்டீர்கள் என்று பொருள். விடையளிக்கும் முன் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

முழு மறுதொடக்கம் எல்லாரையும் பாதிக்கும் இடங்களில் இதைவிட மென்மையான வழி உண்டு. ‘ஆர்க்கைவ்’ பகுதியில் பாதையை அமைத்துவிட்டு ‘கான்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 10’ என்று நுழைந்தால், 10 நிமிடங்களுக்குள் ‘கான்ஃபிகர் கன்ஃபர்ம்’ வராதபோது கான்ஃபிக் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பும், ஸ்விட்ச் அணையாது. ஜூனிபர் ஸ்விட்சுகளில் ‘கமிட் கன்ஃபர்ம்டு’ இதே பணியைச் செய்கிறது, அதன் இயல்பான அவகாசமும் 10 நிமிடங்களே. இமேஜ் மேம்பாட்டுக்கும் இத்தகைய காவல் உண்டு: ஐஓஎஸ் எக்ஸ்இயில் புதிய இமேஜைச் செயல்படுத்திய பின் ‘இன்ஸ்டால் கமிட்’ கொடுக்காவிட்டால், இயல்பாக 120 நிமிடங்களில் ஸ்விட்ச் பழைய இமேஜுக்குத் திரும்பிவிடும். மேம்படுத்தி இரண்டு மணி நேரம் கழித்துக் காரணமின்றி மறுதொடக்கம் ஆன ஸ்விட்சைக் கண்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

வாராவாரம் தானாக ரீலோட் ஆக வேண்டும் என்று அமைத்தும் நடக்கவில்லை

‘கிரான்’ என்ற, கட்டளைகளை நேரம் குறித்து இயக்கும் வசதி வழியாக ரீலோட் கொடுத்திருந்தால் அது நடக்காது. ஒப்புதல் கேள்விக்கு விடையளிக்க வேண்டிய கட்டளைகளை கிரானால் நிறைவேற்ற முடியாது. இஇஎம் (நிகழ்வுக்கோ நேரத்துக்கோ ஏற்பச் செயல்களைத் தானாக இயக்கும் வசதி) ஆதரிக்கப்படும் மாடல்களில் ஒரு ஆப்லெட்டில் (சிறு நிரலில்) நேரத்தை அமைத்து ‘ஆக்ஷன் 1.0 ரீலோட்’ என்று கொடுத்தால் நடக்கும். ஆனால் வாராந்திர மறுதொடக்கம் தேவைப்படும் ஸ்விட்சில் நினைவகக் கசிவோ இமேஜ் கோளாறோ ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். ‘ஷோ பிராசசஸ் மெமரி சார்ட்டட்’ வெளியீட்டைச் சில நாள்கள் ஒரே நேரத்தில் எடுத்து ஒப்பிட்டால், எந்தச் செயல்முறை வளர்ந்துகொண்டே போகிறது என்று தெரியும். அந்தத் தகவலோடு திருத்தப்பட்ட இமேஜைத் தேடுவதே சரியான மருந்து.

ஸ்விட்ச் எழுந்துவிட்டது, இணைந்த சாதனங்கள் மட்டும் தாமதமாக வருகின்றன

வலைப்பின்னலில் சுழற்சி உருவாகாமல் தடுக்கும் பழைய ஸ்பானிங் ட்ரீ முறையில் ஒரு போர்ட் கேட்பதற்கு 15 நொடி, கற்பதற்கு 15 நொடி என 30 நொடி காத்திருந்த பிறகே தரவைக் கடத்தும். கணினிகள் இணையும் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் அமைத்தால் இது நீங்கும். இன்னொரு ஸ்விட்ச் இணையும் போர்ட்டில் அதை அமைக்கக் கூடாது. பிஓஇ மூலம், அதாவது வலைப்பின்னல் கம்பி வழியே, மின்சாரம் பெறும் தொலைபேசிகளும் அணுகல் முனைகளும் ஸ்விட்சோடு சேர்ந்து அணைந்து, அதன் பின் தாமும் முழுதாக எழ வேண்டியிருப்பதால் இன்னும் சில நிமிடங்கள் பிடிக்கும். பெர்பெச்சுவல் பிஓஇ ஆதரிக்கும் மாடல்களில் அதைப் போர்ட்டில் இயக்கி வைத்தால், ரீலோட் நடக்கும்போதும் மின்சாரம் தொடரும். ஸ்விட்சின் மின்கம்பியையே பிடுங்கினால் தொடராது.